இறவாரத் தொய்வும் அதனைச் செப்பனிடும் முறையும்

வீட்டுக் கூரை சுவரைக் கடந்து வெளியே நீண்டு நிற்கும் பகுதிக்குத் தமிழில் பெயர்கள் பல. இறவாரம், இறவாணம், இறப்பு என அகராதிகள் தரும். அரிவாளையும் குடையையும் செருகிவைக்கும் இடமாக நம் பாட்டிமார் அறிந்திருந்த 'எரவாணம்' இதுவே. பழந்தமிழ் இதனை 'இறை' என்று சுருங்கச் சொன்னது. குறுந்தொகையின் 46ஆம் பாடலில், தன் குஞ்சுகளோடு மாலையில் ஊர்க்குருவி தங்கும் இடம் வீட்டின் இறையே ஆகும். அதே 'இறை' என்னும் சொல் வளையணியும் முன்கையையும் குறிக்கக் காண்கிறோம். கூரைச் சட்டத்தைத் தச்சர் 'கைமரம்' என்பர். கல்லில் செதுக்கிய இறவாரத்தைச் சிற்பியர் 'கொடுங்கை' என்பர். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் கொடுங்கைகளில் மரச்சட்டங்களும் அவற்றில் அறைந்த ஆணிகளும்கூடக் கல்லிலேயே வடிக்கப்பட்டிருப்பதைக் கண்டோர் மறவார்.

சொற்பிறப்பு எவ்வாறாயினும் ஆகுக. 'கை' என்னும் இவ்வழக்கு பொறியியல் நோக்கிலும் முற்றும் பொருந்துவது. நீட்டிய கையில் நீர்க்குடம் ஏந்தி நிற்பவருக்கு விரல் நோவதில்லை; தோளே நோகும். இறவாரத்தின் நோயும் இவ்வாறே. தாழ்ந்து தெரிவது வெளிநுனியாயினும், நோய் இருக்குமிடம் சுவரின் மேலோ, சுவருக்கு உட்புறமோ ஆகும். இந்த ஒன்றை உணராமையால் இருவகைத் தீங்குகள் விளைகின்றன. தாழ்ந்த நுனியைப் பூசியும் மறைத்தும் விட்டு, திண்ணையில் அமர்வோர் தலைமேல் ஆபத்தைத் தொங்கவிடுவது ஒன்று. இறவாரம் தொய்ந்ததைக் கண்டவுடன் வீடே போயிற்று என்று கருதி, இன்னும் இரு தலைமுறை நிற்கவல்ல வீட்டை இடித்துவிடுவது மற்றொன்று. நம் கடற்கரை ஊர்களில் இரண்டாவது தீங்கே மிகுதி எனத் தோன்றுகிறது.

இறவாரத்தின் பணி

இறவாரம் வெறும் அழகுறுப்பு அன்று. மண்ணாலோ சுண்ணாம்புச் சாந்தாலோ கட்டிய சுவருக்கு நீரே முதற்பகை. மேலிருந்து விழும் மழையைச் சுவரினின்று விலக்கி இரண்டடி, மூன்றடிக்கு அப்பால் விழச் செய்வதும், தரையில் பட்டுத் தெறிக்கும் நீர் சுவரின் அடியை நனைக்காதவாறு காப்பதும், நண்பகல் வெயிலைச் சுவரில் படவிடாது தடுப்பதும் அதன் பணிகள். தொய்ந்த இறவாரத்தை அறுத்தெறிந்துவிட்டுக் 'கூரையைச் சீர்செய்தோம்' என்று மகிழ்வோர் உளர். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரின் அடி ஊறத் தொடங்கும். இறவாரத்தைக் குறைத்தவர் சுவரின் ஆயுளைக் குறைத்தவர் ஆவார்.

கூரையின் உறுப்புகளையும் சுருக்கமாக அறிந்துகொள்ளல் நலம். உச்சியில் நீளவாட்டில் கிடப்பது முகட்டு வளை. அதனின்று இருபுறமும் சரிந்து இறங்குவன கைமரங்கள். அவை சுவர்மேல் கிடத்திய உத்தரத்தில் அமர்ந்து, அதனைக் கடந்து வெளியே நீள்கின்றன. கைமரங்களின்மீது குறுக்கே அறையப்படுவன வரிச்சட்டங்கள். தச்சர் இவற்றை ரீப்பர் என்பர். ஓடு அமர்வது இவற்றின்மேல்தான். பாசல் மிஷனைச் சார்ந்த பிளெப்ஸ்ட் என்னும் ஜெர்மானியர் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர், அவ்வகைத் தட்டை ஓடு தென்னாடெங்கும் பரவி, நம்மவர் வாயில் 'சீமை ஓடு' எனப் பெயர்பெற்றது. அதற்கு முன்னிருந்த நாட்டு ஓடு பல அடுக்காகப் பரப்பப்படுவது. ஆதலால் எடை மிக்கது.

தொய்வின் கணக்கு

சீமை ஓடு ஒன்று 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடுகள் பிடிக்கும். வரிச்சட்டத்தையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 40 கிலோ எனக் கொள்வோம். கைமரங்கள் ஒன்றரை அடி இடைவெளியில் நின்று, இறவாரம் மூன்றடி நீண்டால், ஒவ்வொரு கைமரமும் வெளிப்புறத்தில் சுமப்பது ஏறத்தாழ 16 கிலோ. மழையில் ஓடு நீரை உறிஞ்சும்போது இன்னும் இரண்டு, மூன்று கிலோ கூடும். இது பெரிய சுமையன்று. நல்ல மரத்துக்கு இது பொருட்டேயன்று.

ஆனால் நீட்டிய கையைப் பொறுத்தவரை, எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்தே கணக்கு. எடையை, சுவரிலிருந்து அது நிற்கும் தொலைவால் பெருக்கிப் பார்க்க வேண்டும். கூரையின் சரிவை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடுவோம். ஓடுகள் பரவலாக இருப்பதால் அவற்றின் நடுப்புள்ளி 0.45 மீட்டரில் அமையும், 16ஐ 0.45ஆல் பெருக்க வருவது 7.2. இப்போது, காற்றில் ஓடு பெயராமல் இருக்கட்டும் என்று இறவார நுனியில் அரை அடி அகலத்துக்கு இரண்டங்குலத் தடிப்பில் சிமெண்டுப் பட்டை வைக்கிறார் ஒரு கொத்தனார். ஒரு கைமரத்தின் பங்கு ஏறத்தாழ 7 கிலோதான். ஆயினும் அது நுனியில் அமர்வதால் 7ஐ 0.82ஆல் பெருக்க வேண்டும், விடை 5.7. வெளிப்புறத்து ஓடுகள் அனைத்தும் சேர்ந்து கொடுக்கும் பாரத்தில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டை அந்தச் சிறு பட்டை ஒன்றே கூட்டிவிட்டது! தொய்ந்த இறவாரத்தைக் கண்டு, 'பட்டை வைத்து இறுக்கிவிட்டால் சரியாகும்' என்று கூறுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் வேண்டும்.

65 கிலோ எடையுள்ள ஒருவர் நுனியில் ஏறி நின்றால் 65ஐ 0.9ஆல் பெருக்க 58.5, அதாவது ஓடுகளின் பாரத்தைப்போல் எட்டு மடங்கு. வரிச்சட்டங்கள் அதனைப் பக்கத்துக் கைமரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் என்பது உண்மையே. எனினும் மாம்பழம் பறிக்கவும் தொலைக்காட்சி அலைவாங்கியைத் திருப்பவும் இறவாரத்தில் ஏணி சாத்தும் வழக்கம் எத்துணைக் கொடியது என்பதை இதனால் அறியலாம்.

மேலும் இரு விதிகளைக் கணித மாணவர்கள் எளிதில் மெய்ப்பித்துக் காட்டுவர். பரவலான சுமையைத் தாங்கும் சட்டம் நீண்டால், நுனியின் தாழ்வு நீளத்தின் நான்காம் அடுக்காகப் பெருகும். இரண்டடி இறவாரத்தை அதே மரத்தில் நான்கடியாக்கினால் தாழ்வு இருமடங்காகாது, பதினாறு மடங்காகும். விறைப்போ சட்டத்தின் உயரத்தின் மும்மடி வழியாகப் பெருகும். இரண்டங்குலத்துக்கு நான்கங்குலச் சட்டத்தைப் படுக்கவைப்பதினும் நிறுத்திவைத்தால் நான்கு மடங்கு விறைப்பு. பழைய தச்சர்கள் இதைச் சூத்திரமாக எழுதிவைக்கவில்லை, கைப்பழக்கமாக அறிந்திருந்தனர். படுக்கை வாட்டில் கைமரம் வைத்த பழைய வீட்டைக் காண்பது அரிது.

மரத்துக்கே உரிய மற்றோர் இயல்பும் உண்டு. நெடுங்காலம் இடையறாது சுமை தாங்கும் மரம், முதல் நாள் வளைந்ததைவிட ஆண்டுகள் செல்லச் செல்ல மிகுதியாக வளைந்துகொண்டே போகும். ஈரம் இருப்பின் இன்னும் விரைவில். எழுபது, எண்பது ஆண்டு கண்ட வீட்டில் இறவாரம் ஓரங்குலம் சீராகத் தாழ்ந்திருப்பது முதுமையேயன்றி நோயன்று. அதனை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஆண்டுக்காண்டு மிகும் தாழ்வும், ஓரிடத்தில் மட்டும் திடீரெனத் தோன்றும் தாழ்வுமே அஞ்சத்தக்கவை.

நோய்முதல் நாடல்

ஆய்வுக்குப் பெரிய கருவிகள் வேண்டா. இறவாரத்தின் இருமுனைகளுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு கைமரத்தின் நுனியும் நூலுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து, தேதியோடு ஓரேட்டில் குறித்துவைத்தல் வேண்டும். சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டால் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவே, ஆயினும் இவ்வளவைகள் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒரேயொரு கைமரம் தாழ்ந்திருந்தால் அம்மரம் உளுத்தோ பிளந்தோ போயிருக்கும். அடுத்தடுத்த ஐந்தாறு மரங்கள் தொட்டிலைப்போல் தாழ்ந்திருந்தால், அவற்றைத் தாங்கும் உத்தரம் அவ்விடத்தில் இற்றிருக்கும். திண்ணைத் தூண்கள் உள்ள வீடாயின் இரு தூண்களுக்கிடையே உத்தரம் வளைந்திருக்கும், அல்லது ஒரு தூணின் அடி இறங்கியிருக்கும். இறவாரம் முழுவதும் ஒரே சீராகத் தாழ்ந்து, தூக்குக்குண்டும் சுவர் வெளிப்புறம் சாய்ந்திருப்பதைக் காட்டினால், நோய் கூரையின் நடுவில் உள்ளது. எதிரெதிர்க் கைமரங்களைப் பிணைத்து நிற்கும் குறுக்கு விட்டம் அற்றுப்போக, கூரை விரிந்து சுவரை வெளியே தள்ளுகிறது என்று பொருள். இந்நிலையில் இறவாரத்தைத் தொடுதல் கூடாது. முதலில் விட்டத்தைச் சீர்செய்தல் வேண்டும். இங்கே பொறியாளர் ஒருவரின் துணை இன்றியமையாதது.

அடுத்து மரத்தைச் சோதிக்க வேண்டும். கூர்மையான குத்தூசியால் சுவரோரத்தில் குத்திப் பார்த்தால், நல்ல மரம் தடுக்கும். உளுத்த மரம் வெண்ணெய்போல் வழிவிடும். சுத்தியால் தட்ட, நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உட்புரை விழுந்தது மந்தமாக ஒலிக்கும். சுவரில் மண்குழாய் ஏறியிருப்பின் கறையான்; தரையில் மாவு உதிர்ந்திருப்பின் வண்டு. மரத்தில் ஈரம் இருபது விழுக்காட்டைத் தாண்டி நிலைத்திருந்தால் பூஞ்சை பற்றி இற்றுப்போகும். ஆதலால் இற்ற மரத்துக்கு நேர்மேலே, அல்லது சற்று மேற்புறத்தில், ஓர் உடைந்த ஓடு இருந்தே தீரும். அதனைத் தேடாமல் மரத்தை மட்டும் மாற்றுவோர், சில ஆண்டுகளில் மீண்டும் மாற்றுவர்.

கடற்கரை ஊர்களுக்கு மற்றொரு நோய் தனியே உண்டு. உப்புக்காற்றில் இரும்பாணி துருவேறிப் பருக்கும். பருத்து, கைமரத்தை உள்ளிருந்தே பிளக்கும். பனங்கைமரங்களில் இது விரைந்து நிகழும். முதிர்ந்த பனையின் வெளிவைரம் இரும்பை ஒத்தது, உள்ளேயோ சோறு. நாரோட்டத்தில் பிளக்கும் இயல்புடைய அம்மரத்தில் துளையிடாமல் ஆணி அறைதல் அறவே தகாது.

செப்பனிடும் முறை

பங்குனி, சித்திரையே இதற்கேற்ற காலம். வடகிழக்குப் பருவமழைக்குமுன் பணியை முடித்து, கூரையை மூடிவிடுதல் வேண்டும்.

முதற்பணி சுமையிறக்கம். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிந்திருப்பதால், முகட்டிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பிரித்து வர வேண்டும். ஒருபுறத்து ஓடுகளை மட்டும் முற்றிலும் இறக்கிவிட்டு மறுபுறத்தை அப்படியே விட்டால், பாரமுள்ள பக்கம் கூரையைத் தன்பால் தள்ளும். ஆகவே இருபுறமும் சிறிது சிறிதாக, ஒத்த அளவில் பிரித்தல் முறை. பழைய ஓட்டை எறிந்துவிடற்க. தட்டினால் தெளிவாக ஒலிக்கும் ஓடு இன்னும் பல்லாண்டு உழைக்கும். வேலையாட்கள் கைமரத்தின்மேல் நிற்காது, தனியே கட்டிய சாரத்தில் நின்றே பணியாற்றல் வேண்டும். திண்ணையில் பணி முடியுமட்டும் எவரையும் அமரவிடலாகாது.

அடுத்தது முட்டுக்கொடுத்தல். ஒவ்வொரு கைமரத்துக்கும் தனித்தனியே கம்பு நட்டு நெம்புவது பிழை. ஒன்று ஏற, மற்றொன்று நிற்க, இடையே வரிச்சட்டம் முறியும். கைமரங்களின் அடியில் நீளவாட்டில் ஒரு தடித்த சட்டத்தை வைத்து, அச்சட்டத்தின்கீழ் முட்டுகளை நிறுத்த வேண்டும். முட்டின் அடியில் அகன்ற பலகை இருத்தல் வேண்டும். திண்ணையின் விளிம்பில் முட்டு ஊன்றினால் திண்ணை பெயரும். பின்னர்த் திருகு ஜாக்கியாலோ, எதிரெதிராகச் செருகிய இரட்டை ஆப்புகளாலோ மெல்ல உயர்த்துக. இங்கேதான் பொறுமை தேவை. பல்லாண்டுகள் வளைந்த மரம் ஒரே பகலில் நிமிராது, நிமிர்த்தினால் முறியும். நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் உயர்த்தி, மறுநாள்வரை காத்திருந்து, மீண்டும் உயர்த்தல் வேண்டும். மரம் கீச்சிட்டால் நிறுத்திவிடுக. நூல்மட்டத்தை முழுவதும் எட்டாவிடினும் குற்றமில்லை. முக்கால் பங்கு உயர்ந்து உறுதியாக நிற்பது, முழுதும் உயர்ந்து முறிவதினும் மேல்.

உயர்த்திய பின்னர், வலுவிழந்த கைமரத்துக்குத் துணைமரம் சேர்த்தல். இதுவே செப்பனிடலின் உயிர்நிலை. அதே உயரமுள்ள புதிய சட்டம் ஒன்றைப் பழைய கைமரத்தின் பக்கத்தில் ஒட்டி நிறுத்திப் பிணைக்க வேண்டும். பலர் செய்யும் பிழை யாதெனில், வெளியே தெரியும் மூன்றடிக்கு மட்டும் துணைமரம் வைத்து, சுவரோடு நிறுத்திவிடுவது. தோளில்லாத கைக்கு விரல் மட்டும் புதிதாய் வைத்தாற்போன்றது அது. வெளியே மூன்றடியாயின், உட்புறத்தில் அதன் இருமடங்கேனும், அதாவது ஆறடியேனும், துணைமரம் சென்றிருத்தல் வேண்டும் என்பது தச்சர் நெறி. ஆக மூன்றடி இறவாரத்துக்கு ஒன்பதடி மரம். செலவு கூடுமே என்று தயங்குவோர் உண்டு. ஆனால் உட்புறத்து ஆறடிதான் வெளிப்புறத்து மூன்றடியைத் தூக்கி நிறுத்துகிறது.

பிணைப்புக்கு ஆணி போதாது. ஊடுருவித் துளையிட்டு, 10 அல்லது 12 மில்லிமீட்டர் போல்ட்டுகளை அகன்ற வாஷர்களோடு ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி முடுக்குதல் வேண்டும். ஒரே நேர்கோட்டில் துளையிட்டால் மரம் அக்கோட்டிலேயே பிளக்கும். கடற்கரையில் துத்தநாகம் பூசியவையோ துருப்பிடியா எஃகோ நல்லது. கைமரத்தின் நுனி இற்றிருந்தால், கண்ணுக்குத் தெரியும் இற்றலோடு நிறுத்தாது, இன்னும் ஓரடி உள்ளே நல்ல மரம்வரை அறுத்து நீக்கவேண்டும். புதிய மரத்தின் வெட்டுமுகங்களை, குறிப்பாகச் சுவரில் புதையும் இடத்தை, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் காத்தல் நம் தென்னாட்டு வழக்கம். தோலில் பட்டால் கொப்புளம் போடும் எண்ணெய் அது. கையுறை இன்றித் தொடலாகாது.

உத்தரமே இற்றிருப்பின், முட்டுகள் முழுப்பாரத்தையும் தாங்கி நிற்க, அப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் புதிய மரம் பொருத்தலாம். சுவரிலிருந்து சாய்வாக முட்டுக்கட்டை கொடுத்து இறவாரத்தைத் தாங்கும் முறையும் உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த செங்கற்சுவருக்கு அது பொருந்தும், மண்சுவருக்குப் பொருந்தாது. கட்டையின் அடி சுவரைக் குத்தி உட்புறம் தள்ளுவதே காரணம்.

காற்றை மறத்தல் ஆகாது. இறவாரத்தின்மீது காற்று கீழிருந்து தள்ளுகிறது, மேலிருந்தும் உறிஞ்சுகிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயலில் நாகை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் ஓட்டு வீடுகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். சிமெண்டுப் பட்டை வைப்போரின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை, மருந்துதான் தவறு. ஒவ்வொரு கைமரத்தையும் உத்தரத்தோடு இரும்புப் பட்டைத்தகட்டால் பிணைத்து, உத்தரத்தைச் சுவரோடு பிணைத்து, நுனி வரிசை ஓடுகளைத் துருப்பிடியாக் கம்பியால் வரிச்சட்டத்தோடு கட்டிவிட்டால், எடை கூட்டாமலே காற்றை வெல்லலாம். சீமை ஓட்டின் அடிப்புறத்தில் கம்பி கோக்கத் துளையோடு கூடிய ஒரு புடைப்பு இதற்கெனவே அமைந்திருக்கிறது.

கான்கிரீட்டு வீட்டாரும் கவனிக்க

எம் வீட்டில் ஓடில்லை, இது எமக்கெதற்கு என்போருக்கு ஒரு சொல். சன்ஷேட் எனப்படும் கான்கிரீட்டு இறவாரமும் நீட்டிய கையே. அதில் இழுவிசை தோன்றுவது மேற்பரப்பில். ஆதலால் முதன்மைக் கம்பி மேற்புறத்தில் இருத்தல் வேண்டும். கலவை கொட்டும்போது ஆட்கள் கம்பியை மிதித்து அடியில் அமிழ்த்திவிட்டால், பார்வைக்குக் குறையின்றி வளரும் அந்த இறவாரம் முன்னறிவிப்பின்றி ஒருநாள் விழும். மரம் தொய்ந்து எச்சரிக்கும். கான்கிரீட்டு பல வேளைகளில் அதுவும் செய்வதில்லை. சுவரைத் தொடும் இடத்தில் மேற்புறத்தில் நெடுக ஓடும் வெடிப்பே அதன் ஒரே கூக்குரல். அதனை அடிப்புறத்தில் சாந்து பூசி ஆற்ற இயலாது. சன்ஷேடின் உட்பகுதியை அழுத்திப் பிடித்திருப்பது மேலேயுள்ள சுவரின் எடை என்பதால், அச்சுவரை உடைத்துச் சன்னல் பெரிதாக்குவோர் முதலில் கீழே முட்டுக்கொடுத்துவிட்டே கடப்பாரையை எடுத்தல் வேண்டும்.

ஓட்டு வீட்டுக்குத் திரும்புவோம். ஓடுகளை மீண்டும் பரப்பும்போது இறவாரத்திலிருந்து முகட்டுக்கு, இருபுறமும் ஒத்த அளவில் ஏறிச் செல்லவேண்டும். பரப்பி முடித்த அன்றே முட்டுகளைப் பிடுங்கிவிடலாகாது. சில நாள் விட்டு, ஜாக்கியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, நூலை மீண்டும் கட்டி அளந்து, பழைய ஏட்டில் அதே வரிசையில் குறித்துக்கொள்ளவேண்டும். முதல் மழைக்காலம் கழிந்து தை, மாசியில் புதுமரம் காய்ந்து சுருங்கும். அப்போது போல்ட்டுகள் தளர்ந்திருக்கும். ஒரு முடுக்கியோடு சாரத்தில் ஏறி, ஒவ்வொன்றையும் மறுமுறை இறுக்கிவிட்டு வருதல் தச்சருடைய ஒருநாள் வேலை. கூலி பேசும்போதே அந்த நாளையும் சேர்த்துப் பேசிவிடுதல் நன்று.